இடைக்காலம் எந்த ஆண்டோடு முடிந்தது? சேலத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: ஆட்டையாம்பட்டி மாணவி

அனைவருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக்காக உலக வரலாற்றைப் படித்து வருகிறேன். எந்த வழிகாட்டி நூலை எடுத்தாலும், 1453ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிள் நகரம் உதுமானியத் துருக்கியரிடம் வீழ்ந்ததோடு இடைக்காலம் முடிந்தது என்றும், தரைவழி வணிகம் அடைபட்டதால் ஐரோப்பியர் கடல்வழி தேடிப் புறப்பட்டனர் என்றும் எழுதியிருக்கிறது. அதன்பின் 1492, 1498, 1517, 1789, 1914 என்று ஆண்டுகள் வரிசையாக வருகின்றன. அவற்றை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஒரு நிகழ்ச்சி அடுத்த நிகழ்ச்சிக்கு எவ்வாறு வழி திறந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

என் கேள்விகள் இரண்டு. 1453 உண்மையிலேயே அவ்வளவு பெரிய திருப்பமா? இந்த மாற்றங்கள் எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, கடலே இல்லாத நம் சேலம் பகுதிக்கு அவற்றில் ஏதேனும் பங்கு இருந்ததா, அல்லது நாம் வெறும் பார்வையாளர்களாகத்தான் இருந்தோமா? அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கோட்டைத் தெரு ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, தேர்வில் கேட்டால் 1453 என்றே எழுதுங்கள். விடைத்தாளில் வாதம் செய்ய இடமில்லை. ஆனால் புரிந்துகொள்வதற்காகக் கேட்டிருப்பதால், அந்த விளக்கத்தில் உள்ள பெரிய ஓட்டையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

ஐரோப்பாவுக்குப் போன மிளகில் பெரும்பகுதி கான்ஸ்டாண்டிநோபிள் வழியாகப் போகவில்லை. மலபார்க் கரையில் ஏற்றப்பட்ட மிளகு செங்கடல் வழியாக எகிப்தை அடைந்து, அலெக்சாந்திரியாவில் வெனிஸ் வணிகர்களின் கைக்கு மாறியது. அப்போது எகிப்தை ஆண்டவர்கள் மம்லூக் சுல்தான்கள். உதுமானியர் எகிப்தைப் பிடித்தது 1517இல்தான். அதற்கு 19 ஆண்டுகள் முன்பே, 1498இல், வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்துவிட்டார். மேலும் போர்ச்சுகீசியர் வட ஆப்பிரிக்காவின் சேவுட்டாவைக் கைப்பற்றியது 1415இல். மாலுமிகள் அஞ்சி நின்ற பொஜதோர் முனையை ஜில் எயானஸ் கடந்தது 1434இல். கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்வதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே தொடங்கிவிட்ட பயணத்துக்கு அந்த வீழ்ச்சியைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஒரு விதிவிலக்கு உண்டு. கருங்கடலில் இத்தாலியின் செனோவா (ஜெனோவா) நகர வணிகர்களுக்கு இருந்த செல்வாக்கு உதுமானியரால் சரிந்தது. 1475இல் கஃபா துறைமுகமும் அவர்கள் கையைவிட்டுப் போனது. அந்நகரத்துப் பணமும் மாலுமிகளும் மேற்கு நோக்கித் திரும்பியதில் இதற்கும் பங்குண்டு. கொலம்பஸ் செனோவாக்காரர் என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ளலாம்.

அப்படியானால் 1453இன் சிறப்பு என்ன? ஆயிரம் ஆண்டுகளாக எதிரிகளைத் தடுத்து நின்ற மதில், ஹங்கேரி நாட்டு வார்ப்புக் கலைஞர் ஓர்பன் செய்துகொடுத்த பெரும் பீரங்கிகளின் முன்னால் நிற்க முடியவில்லை. வெடிமருந்து வாங்கவும் பீரங்கி வார்க்கவும் பெரும்பணம் வேண்டும். அந்தப் பணத்தை வரியாகத் திரட்டக்கூடிய பேரரசனுக்கே இனி வலிமை என்றாகி, சிறு கோட்டைகளை நம்பி ஆண்ட குறுநிலத் தலைவர்களின் காலம் சரியத் தொடங்கியது. இந்த மாற்றத்தின் அடையாளமாக 1453ஐப் படித்தால் பொருள் இருக்கிறது. வணிக வழி அடைபட்ட ஆண்டாகப் படித்தால் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியர் வந்துதான் உலகம் இணைந்தது என்ற எண்ணத்தோடு படிக்காதீர்கள். சீனத்தின் கடற்படைத் தலைவர் செங் ஹ 1405 முதல் 1433 வரை ஏழு முறை இந்தியப் பெருங்கடல் பக்கம் வந்தார். இலங்கையின் காலியில் கிடைத்த அவருடைய கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. அது சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரையும் போற்றுகின்றன. பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்காக எழுதப்பட்டது. அந்தக் கடலில் வணிகம் செய்தவர்களின் மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. போர்ச்சுகீசியர் புதிதாகக் கொண்டுவந்தது கடல் வணிகத்தை அன்று. பீரங்கி பொருத்திய கப்பல்களை நிறுத்தி, கர்த்தாஸ் என்ற அனுமதிச் சீட்டைப் பணம் கொடுத்து வாங்காமல் எந்தக் கலமும் போகக்கூடாது என்று கட்டாயப்படுத்திய முறையையே. கோவா 1510இலும் மலாக்கா 1511இலும் ஓர்முசு 1515இலும் அவர்கள் கைக்கு வந்தது இதற்காகத்தான்.

ஓர் ஆண்டைத்தான் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினால், நான் 1571ஐச் சொல்வேன். அந்த ஆண்டில் ஸ்பானியர் மணிலா நகரை நிறுவினர். தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையில் 1545 முதல் பழங்குடி மக்களைக் கொண்டு தோண்டியெடுத்த வெள்ளி, மணிலா வழியாகப் பசிபிக் கடலைக் கடந்து நேராகச் சீனத்துக்குப் போனது. வரியை வெள்ளியாகவே வாங்கத் தொடங்கியிருந்த மிங் அரசு அதற்குத் தீராத சந்தையாக இருந்தது. அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய மூன்றும் ஒரே பணத்தால் கட்டுண்ட காலம் அதுவே.

பதில்: சேர்வராயன் மலைத் தோட்டக்காரர்

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஏற்காட்டில் மூன்று தலைமுறையாகக் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் தோட்டத்தில் எத்தியோப்பிய மலைகளைப் பிறப்பிடமாகக் கொண்ட அராபிகா காப்பிச் செடிகளுக்கு, ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த சில்வர் ஓக் மரங்கள் நிழல் தருகின்றன. அந்த மரங்களின் மேல், வாஸ்கோ ட காமா தேடிவந்த அதே மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. மூன்று கண்டங்களைச் சேர்ந்தவை ஒரே சரிவில் நிற்பதற்கு நீங்கள் படிக்கும் அந்த ஐந்நூறு ஆண்டு வரலாறுதான் காரணம்.

காப்பியின் கதையைத் தொடர்ந்து போனால் உங்கள் ஆண்டு வரிசை தானாகவே கோவையாகிவிடும். 15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபிகள் இரவு வழிபாட்டில் உறக்கம் வராமலிருக்க இதைப் பருகினர். 1511இல் மெக்காவின் ஆளுநர் தடை விதித்தும் பழக்கம் நிற்கவில்லை. உதுமானியர் எகிப்தையும் அரேபியாவையும் பிடித்த பின், 1550களில் இஸ்தான்புல்லில் காப்பிக் கடைகள் வந்துவிட்டன. லண்டனில் முதற்கடை 1652இல் திறந்தது. குடிப்பதற்கு மட்டுமல்லாமல் கூடிப் பேசுவதற்கும் செய்தி அறிவதற்குமான இடமாக அது மாறியதுதான் பெரிய செய்தி. எட்வர்ட் லாயிட் என்பவரின் காப்பிக் கடையில் கூடிய கப்பல் வணிகர்களிடமிருந்துதான் லாயிட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தை பிறந்தது. பாரிசில் 1789 ஜூலை 12ஆம் நாள் கமீய் தெமுலேன் மக்களை ஆயுதம் ஏந்தச் சொல்லி முழங்கியது ஒரு காப்பிக் கடையின் வாசலில்; அடுத்த இரண்டாம் நாள் பாஸ்டில் சிறை தகர்ந்தது.

இதுவரை சொன்னது குடித்தவர்களின் கதை. விளைவித்தவர்களின் கதை வேறு. அதைப் படிக்காமல் நவீன காலத்தைப் படித்ததாகச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஏமனின் மோக்கா துறைமுகம் வைத்திருந்த தனியுரிமையை உடைத்து, 1690களில் டச்சுக்காரர்கள் ஜாவாவில் காப்பி பயிரிட்டனர். 1720களில் பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1780களின் இறுதியில் செயின்ட் டொமிங்கு என்ற ஒரே பிரெஞ்சுக் குடியேற்றம், அதாவது இன்றைய ஹெய்ட்டி, உலகக் காப்பியில் ஏறத்தாழப் பாதியை விளைவித்தது. அங்கே உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்ட, ஐந்து இலட்சத்தை நெருங்கிய அடிமைகள். மனிதர் அனைவரும் உரிமையோடு பிறக்கிறார்கள் என்று 1789இல் பாரிஸ் அறிவித்ததை அவர்கள் தங்களுக்கும் உரியதாக எடுத்துக்கொண்டு, 1791 ஆகஸ்டில் கிளர்ந்தெழுந்தனர். துசேன் லூவெர்த்தூரின் தலைமையில் தொடர்ந்த அந்தப் போர், 1804 ஜனவரி 1ஆம் நாள் விடுதலை பெற்ற நாட்டில் முடிந்தது. அதற்குத் தண்டனைபோல, பறிபோன உடைமைகளுக்கு ஈடாக 15 கோடி பிராங்கு தர வேண்டும் என்று பிரான்ஸ் 1825இல் போர்க்கப்பல்களை நிறுத்தி எழுதி வாங்கியது. பாடநூல்களில் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பல பக்கங்கள் தந்துவிட்டு, அதன் சொல்லை முழுமையாக நம்பிய இந்த மக்களுக்கு ஒரு பத்தியும் தராதது எனக்குப் பெரும் வருத்தம்.

ஹெய்ட்டியின் விளைச்சல் சரிந்ததும், காலியான சந்தையைப் பிரேசிலும் கியூபாவும் ஜாவாவும், பின்னர் இலங்கையும் நிரப்பின. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை நட்டது இந்தக் காலத்தில்தான். ஹெய்ட்டியே அதற்கு நேர்க் காரணம் என்று நான் சொல்லவில்லை. பாபா புடன் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் காப்பி மைசூர் மலைகளில் முன்பே இருந்தது. ஆனால் தொலைநாட்டுச் சந்தைக்காக மலைக்காட்டை வெட்டித் தோட்டமாக்கலாம், அதில் இலாபம் உண்டு என்ற நம்பிக்கையை அந்தக் காலமே தந்தது. இங்கே வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களின் காடும் கொல்லையும் அந்த நம்பிக்கைக்கு இடம் விட வேண்டியதாயிற்று. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை 1834இல் முடிவுக்கு வந்தபின் தோட்டங்களுக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. அதற்காகக் கப்பலேறியவர்களிலும், கங்காணிகளின் பின்னால் இலங்கைக்கு நடந்தவர்களிலும் பெருந்தொகையினர் நம் தமிழ் மாவட்டங்களின் ஏழை மக்கள். 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. அந்த மக்களின் பிள்ளைகள் அதன்பின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தார்கள்.

பதில்: சங்ககிரி வாசகர்

தோட்டக்காரர் ஐயாவின் பதில் நன்று. ஆனால் பயிரைக் கொண்டு மட்டும் வரலாற்றைச் சொன்னால், சட்டமும் படையும் நிலவரியும் மறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். கலெக்டர் ஒருவர் சேலத்தில் இருந்ததால்தான் அந்த மலையில் காப்பியை நட முடிந்தது. அந்தக் கலெக்டர் எப்படி வந்தார் என்பதுதான் முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

அமெரிக்க விடுதலைப் போரில், 1781 அக்டோபர் 19ஆம் நாள் யார்க்டவுனில் சரணடைந்த பிரித்தானியப் படையின் தளபதி கார்ன்வாலிஸ். அவரே 1786இல் இங்கு தலைமை ஆளுநராக வந்தார். அந்தப் போரில் அமெரிக்கருக்குத் துணை நின்ற பிரான்ஸ், செலவைத் தாங்காமல் கடனில் மூழ்கியது. 1788இல் திப்பு சுல்தான் அனுப்பிய தூதர்களைப் பதினாறாம் லூயி மன்னர் வெர்சாயில் சிறப்பாக வரவேற்றார். ஆனால் அவர்கள் கைவினைஞர்கள் சிலரோடு திரும்பினார்களே தவிர, படை கிடைக்கவில்லை. மறுஆண்டே புரட்சி. 1790இல் கார்ன்வாலிஸ் மைசூர் மீது போர் தொடுத்தபோது திப்புவுக்குக் கைகொடுக்கும் நிலையில் பிரான்ஸ் இல்லை. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு தம் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்து, 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு, தம் பிள்ளைகள் இருவரைப் பிணையாக அனுப்பினார். அந்தப் பாதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தவை மலபார், திண்டுக்கல், சேலத்தை உள்ளிட்ட பாராமகால் ஆகியவை.

உடனே வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. இடையில் ஜமீன்தார் இல்லாமல், ஒவ்வொரு நிலத்தையும் அளந்து, உழவனிடமே அரசு நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை அவர்கள் வகுத்துப் பார்த்தது நம் மண்ணில். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பின்னர் பரவிய முறை அதுவே. இன்று நாம் பட்டா, சர்வே எண் என்று பேசும் பழக்கத்தின் தொடக்கத்தை அங்கே காணலாம்.

சகோதரி, தொலைவில் நடக்கும் ஒரு நிகழ்ச்சி நம் ஊரில் வாழ்பவனின் வாழ்க்கையை மாற்ற எவ்வளவு காலம் எடுக்கிறது என்று பார்த்தால், நவீன காலம் எப்போது வந்தது என்பது தெரியும். கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தபோது இங்கிருந்த உழவன் அதை அறியவுமில்லை, அதனால் பாதிக்கப்படவுமில்லை. தாரமங்கலத்தில் கட்டி முதலிகள் 17ஆம் நூற்றாண்டில் ஆண்டபோதுகூட, கடற்கரையில் வந்து இறங்கியிருந்த ஐரோப்பியரால் இங்கு பெரிய மாற்றம் இல்லை. ஆனால் பாரிசில் புரட்சி வெடித்து மூன்று ஆண்டுக்குள் சேலத்தின் வரி வாங்கும் கை மாறிவிட்டது. 1798இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கிய செய்தி, மறுஆண்டு திப்புவை அழிப்பதற்கான காரணங்களில் ஒன்றாக ஆக்கப்பட்டது. கம்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலை எங்கள் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட 1805ஆம் ஆண்டுதான், டிரஃபால்கர் கடற்போரில் பிரெஞ்சுக் கப்பற்படை தோற்ற ஆண்டும். ஆகவே சேலத்தைப் பொறுத்தவரை நவீன காலத்தின் தொடக்கம் 1792 என்பது என் கருத்து.

பதில்: ஆத்தூர்க் கிழங்கு வியாபாரி

சங்ககிரி நண்பர் சொன்ன அளவுகோலுக்கு இன்னொரு சான்று எங்கள் தொழிலிலேயே இருக்கிறது. நம் பக்கம் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளி, தென் அமெரிக்காவின் பயிர். போர்ச்சுகீசியர் வழியாகக் கடல் கடந்தது. ஆனால் நூற்றாண்டுகளாக அது நமக்கு அவித்துத் தின்னும் கிழங்காகவே இருந்தது. பாயசத்துக்கான ஜவ்வரிசி மலேயா, ஜாவா பக்கத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. அது அங்குள்ள சாகோ என்ற ஒருவகைப் பனையின் தண்டு மாவில் செய்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அந்த வரத்து நின்றுபோயிற்று. மறுஆண்டே சேலத்தில் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது. இன்று ஆத்தூர் சாலையின் இருபுறமும் தெரியும் சேகோ ஆலைகளும் உலர்த்தும் களங்களும் இரண்டாம் உலகப் போரின் விளைவு என்பதை, அந்த ஆலைகளில் வேலை செய்பவர்களே பலர் அறியமாட்டார்கள்.

கேட்டவரின் மறுமொழி: ஆட்டையாம்பட்டி மாணவி

பெரியவர்கள் அனைவருக்கும் என் நன்றி. காரணமும் விளைவுமாக இப்போதுதான் படிக்க முடிகிறது. ஒரே ஒரு ஐயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கஞ்சமலை தெரியும். அதில் இரும்புத் தாது நிறைய இருக்கிறது. கொங்கு நாட்டு எஃகு பழங்காலத்திலேயே புகழ்பெற்றது என்றும் படித்திருக்கிறேன். அப்படியிருக்க, தொழிற்புரட்சி இங்கிலாந்தில் நடந்ததே தவிர, இங்கே ஏன் நடக்கவில்லை?

பதில்: கோட்டைத் தெரு ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, நம் முன்னோருக்கு எஃகு செய்யும் திறமை குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொடுமணல் அகழாய்வில் பழைய உலைகள் கிடைத்திருக்கின்றன. வூட்ஸ் என்று ஐரோப்பியர் அழைத்த தென்னிந்திய எஃகை மைக்கேல் ஃபாரடே போன்ற அறிஞரே 1819 முதல் ஆராய்ந்து, அதன் தன்மையைச் செய்துபார்க்க முயன்றார். குறை இருந்தது எரிபொருளில். 1709இல் ஆபிரகாம் டார்பி, நிலக்கரியைச் சுட்டு எடுத்த கற்கரியால் இரும்பை உருக்கிக் காட்டினார்; அதன்பின் இங்கிலாந்து காட்டை நம்ப வேண்டிய நிலையிலிருந்து மெல்ல விடுபட்டது. சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்க நீராவி இயந்திரம் வந்தது. அதை ஜேம்ஸ் வாட் திருத்தி 1769இல் காப்புரிமை பெற்றார். இயந்திரம் பெருகப் பெருக இரும்பும் நிலக்கரியும் மேலும் தேவைப்பட்டன. தாதும் நிலக்கரியும் கடலும் அங்கே அருகருகே இருந்தன.

சேலத்தில் தாது உண்டு, நிலக்கரி இல்லை. இதை ஒருவர் நேராகச் சோதித்துப் பார்த்தார். கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவி, சேலத்துத் தாதை மரக்கரியால் உருக்கினார். ஒரு டன் இரும்புக்கு அதைப்போலப் பல மடங்கு எடையுள்ள மரம் எரிந்தது. சுற்றியிருந்த காடுகள் தேயத் தேய, கரி கொண்டுவரும் தொலைவும் செலவும் ஏறின. 1860களில் அந்த ஆலை ஓய்ந்துபோயிற்று. அதே ஆண்டுகளில்தான் சேலம் வழியாகச் சென்னை ரயில்வேயின் இருப்புப்பாதை போடப்பட்டது. அதற்கான தண்டவாளங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கின. தம் நாட்டு இரும்புக்கு இங்கே சந்தை வேண்டும் என்று விரும்பிய அரசு, இங்குள்ள ஆலையைக் காப்பாற்றுவதைத் தன் கடமையாகக் கருதவில்லை. எனவே நிலக்கரியை மட்டும் காரணமாக எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். தொழிலைப் பேணும் அரசு ஒரு நாட்டுக்கு இருந்ததா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஜப்பானில் இரும்புத் தாதுகூடப் போதிய அளவு இல்லை. இருந்தும் 1868 மெய்ஜி மாற்றத்துக்குப் பின் அந்நாட்டு அரசே முன்னின்று, 1901இல் யவாத்தா எஃகு ஆலையை இயங்கச் செய்தது. அடுத்ததாக அந்தப் பாடத்தை எடுத்துப் படியுங்கள். உங்கள் கேள்விக்கான மீதி விடை அதில் இருக்கிறது.